52எக்ஸ்னா எத்தனை எம்பிபிஎஸ், மாமா?

அப்பாவின் பழைய ஃப்ளாப்பி டிஸ்க்குகளை ஒரு தடவையாவது காப்பி எடுத்து வைத்துவிட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாகப் பரணில் இருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான், எட்டாவது படிக்கிறான், தூசி பறந்த உடனேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். பெட்டிக்குள் கையை விட்டு முதலில் எடுத்தது ஒரு சிடி டிரைவ். அதன் முகத்தில் 52எக்ஸ் என்று புடைப்பாக இருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, 52எக்ஸ்னா எத்தனை எம்பிபிஎஸ்?"

அவனுக்கு வேகம் என்றால் எம்பிபிஎஸ்தான் (டாக்டர் படிப்பு இல்லை, வினாடிக்கு எத்தனை மெகாபிட், அதாவது எத்தனை பத்து லட்சம் பிட்). வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்‌ஷன், அதற்குக் கீழே எது இருந்தாலும் அவனுக்கு அது உடைந்து போன பொருள். எனக்கோ சட்டென்று பதில் வரவில்லை. இருபது வருடம் இந்த சாமான்களோடு புழங்கியவனுக்கு இது அவமானம் இல்லையா, அதனால் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

எக்ஸ் என்பது இத்தனை மடங்கு என்பதுதான். எதைப் போல இத்தனை மடங்கு? பாட்டு சிடி ஓடும் வேகத்தைப் போல. பாட்டு சிடியில் ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து எடுத்த மாதிரிகள், இடது வலது என்று இரண்டு சேனல், மாதிரிக்கு 2 பைட், ஆக வினாடிக்கு 1,76,400 பைட். அதே தட்டில் டேட்டா எழுதும்போது வினாடிக்கு 75 செக்டார் (தட்டில் டேட்டாவைப் பிரித்து வைக்கும் துண்டு), ஆனால் ஒரு செக்டாரில் 2,352 பைட்டுக்குப் பதில் 2,048 மட்டும்தான் நமக்குக் கிடைக்கும், மீதி பிழை திருத்தத்துக்கும் செக்டார் எண்ணுக்கும் போய்விடும். பாட்டில் ஒரு புள்ளி தவறினால் காது கண்டுகொள்ளாது, கணக்கு ஃபைலில் ஒரு பைட் தவறினால் அவ்வளவுதான். ஆக 75 × 2,048 = 1,53,600 பைட். இதுதான் எல்லோரும் 150 கேபி (கிலோபைட்) என்று சொன்ன அந்த 1எக்ஸ். 52 மடங்கு என்றால் 79,87,200 பைட், பைட்டுக்கு 8 பிட் என்பதால் எட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 64 எம்பிபிஎஸ்.

"அவ்ளோதானா?" என்றான்.

அதுவும் கூட தட்டின் வெளி ஓரத்தில் மட்டும்தான் என்பதை அவனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். பழைய மெதுவான டிரைவ்கள் உள்ளே படிக்கும்போது தட்டை வேகமாகவும் வெளியே போகப் போக மெதுவாகவும் சுற்றும், 1எக்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றில் இருந்து 200 சுற்று வரை. 52எக்ஸ் டிரைவ் அப்படி மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டிருக்க முடியாது, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஒரே சீராகச் சுற்றும் (அந்த விமானம் ஏறுகிற சத்தம் ஞாபகம் இருக்கிறதா?). சுற்று ஒரே மாதிரி, ஆனால் உள்வட்டம் சின்னது, வெளிவட்டம் பெரியது. டேட்டா தொடங்குவது மையத்தில் இருந்து 25 மில்லிமீட்டரில், முடிவது 58 மில்லிமீட்டரில். அதனால் உள்ளே தொடங்கும்போது வேகம் 22எக்ஸ் சுமாருக்குத்தான் இருக்கும். சிடியோ உள்ளே இருந்து வெளியே நிரம்புகிற பொருள். பாதி எழுதிய சிடியில் அந்த 52 வரவே வராது. பெட்டியின் மேல் 'அதிகபட்சம்' என்று சின்ன எழுத்தில் ஒரு வார்த்தை இருந்திருக்கும், நாம்தான் படித்திருக்க மாட்டோம்.

அடுத்து அவன் எடுத்தது ஒரு டிவிடி ரைட்டர், 16எக்ஸ். "அப்ப இது இன்னும் ஸ்லோவா?" இந்தச் சந்தேகம் 2004 சுமாருக்குக் கடைக்கு வந்த பாதிப் பேருக்கு இருந்தது. டிவிடியின் எக்ஸ் வேறு எக்ஸ். அதன் 1எக்ஸ் வினாடிக்கு 13,85,000 பைட், அதாவது சிடியின் எக்ஸைப் போல ஒன்பது மடங்கு. 16எக்ஸ் என்றால் வினாடிக்குச் சுமார் 22 எம்பி (மெகாபைட்), 177 எம்பிபிஎஸ். ஒரே பெட்டியில் முன்பக்கம் இரண்டு எக்ஸ் அச்சடித்து, இரண்டும் வேறு வேறு அளவு என்று எங்கேயும் எழுதாமல் விற்றார்கள். நம்மூரில் ஒரு காலத்தில் உள்ளூர்ப் படி ஒன்று, பட்டணம் படி ஒன்று என்று இருந்த மாதிரி. படி என்று சொன்னால் போதாது, எந்தப் படி என்று கேட்க வேண்டும்.

அதற்குக் கீழே சுருட்டி வைத்திருந்த ஒரு சாம்பல் நிற சீரியல் கேபிள். அதைப் பார்த்ததும் எனக்கு விருதுநகர் ஞாபகம் வந்துவிட்டது.

2001-ஆக இருக்கும். ஒரு பருப்பு மண்டியில் பழைய 386 கம்ப்யூட்டர் ஒன்று, 40 எம்பி ஹார்ட் டிஸ்க், அதில் பத்து வருடக் கணக்கு. புதுப் பெட்டி வாங்கியாயிற்று, பழையதில் இருந்து எல்லாவற்றையும் மாற்றித் தர வேண்டும். பழையதில் நெட்வொர்க் கார்டு கிடையாது, ஃப்ளாப்பி டிரைவ் எப்போதோ செத்துவிட்டது. இருந்தது ஒரு சீரியல் போர்ட் மட்டும். டாஸ் 6 என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துடன் வரும் இன்டர்லிங்க் புரோகிராமைப் போட்டு இரண்டு பெட்டியையும் இந்தக் கேபிளால் இணைத்தேன். வேகத்தை வினாடிக்கு 1,15,200 பிட்டில் வைத்தால் பழைய பெட்டி தாக்குப்பிடிக்கவில்லை, அதில் இருந்த சீரியல் சிப் ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் கையில் வைத்துக்கொள்ளும், அதை எடுக்க ப்ராசஸர் வருவதற்குள் அடுத்தது வந்து மேலே விழுந்துவிடும். பிறகு வந்த 16550 சிப்பில்தான் 16 பைட் நிற்க ஒரு வரிசை வைத்தார்கள். சரி என்று 38,400-க்கு இறக்கினேன்.

அண்ணாச்சி கேட்டார், எவ்வளவு நேரம் ஆகும் தம்பி என்று. நான் கால்குலேட்டரைத் தட்டினேன். 38,400-ஐ எட்டால் வகுத்தால் வினாடிக்கு 4,800 பைட், 40 எம்பிக்கு இரண்டே கால் மணியில் இருந்து இரண்டரை மணி. சாயங்காலம் ஐந்து மணி, ஏழரைக்கு முடிந்துவிடும் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அவர் எட்டு மணிக்கு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போக வேண்டியவர். ஏழரைக்கு முக்கால் கிணறு கூடத் தாண்டவில்லை. எட்டுக்கும் ஓடுகிறது. எட்டரைக்கு முடியும்போது அண்ணாச்சி பட்டுவேட்டியோடு கல்லாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன தப்பு என்றால், சீரியல் போர்ட்டில் ஒரு பைட் போக 8 பிட் போதாது, 10 பிட் வேண்டும். தொடக்கத்தைக் காட்ட ஒரு பிட், முடிவைக் காட்ட ஒரு பிட், நடுவில்தான் நம் 8. ஆக 38,400 என்பது வினாடிக்கு 3,840 பைட்தான். அதில் 40 எம்பி போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், இன்டர்லிங்கின் சொந்தப் பேச்சுவார்த்தை வேறு தனி. இதை நான் அண்ணாச்சியிடம் தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அட, சாக்கு எடையக் கழிக்காம கணக்குப் போட்டிருக்கீங்க தம்பி" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். மண்டியில் மூட்டையை எடை போட்டால் சாக்கையும் சேர்த்துத்தான் தராசு காட்டும், பருப்புக்கு விலை போடும்போது சாக்கைக் கழித்துவிட்டுத்தான் போடுவார்கள். கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவன் மட்டும் சாக்கோடு எடை போட்டு எழுதிவிட்டுப் போய்விடுவான். அதற்குப் பிறகு எந்த வேகத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் அண்ணாச்சி குரல்தான் கேட்கும்.

இந்தச் சாக்கு பழைய சாக்கு. 1963-இல் வந்த மாடல் 33 டெலிடைப், அதாவது வயர் வழியே வரும் எழுத்துகளைத் தாளில் அடிக்கும் இயந்திரம், அதன் வேகம் 110 பாட் (இப்போதைக்கு வினாடிக்கு 110 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்). ஏன் 100 இல்லை, ஏன் 110 என்ற விசித்திர எண் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அது முழுக்க இரும்புச் சக்கரமும் நெம்புகோலுமாக இருந்த இயந்திரம், ஒரு எழுத்தை அடித்து முடித்து அடுத்ததற்குத் தயாராக மூச்சு விட நேரம் வேண்டும், அதற்காக முடிவு பிட் ஒன்றுக்குப் பதில் இரண்டு. ஆக எழுத்துக்கு 11 பிட், 110-ஐ 11-ஆல் வகுத்தால் வினாடிக்கு 10 எழுத்து. எட்டால் வகுத்திருந்தால் 13.75 என்று வந்திருக்கும், முக்கால் எழுத்தை யார் அடிப்பது?

புதிய சாக்கும் உண்டு. பெட்டியில் ஹார்ட் டிஸ்க்கை இணைக்கிற சிவப்பு நிற சாட்டா கேபிள் ஒன்று இருந்தது. முதல் சாட்டாவின் வேகம் 1.5 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 150 கோடி பிட்). எட்டால் வகுத்தால் 187.5 எம்பி, ஆனால் அது கொடுப்பது 150 எம்பி. அங்கேயும் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள், தொடக்கம் முடிவு காட்ட அல்ல, வயரில் ஒரே மாதிரி பூஜ்யமோ ஒன்றோ நீளமாகப் போய் எதிர்முனைக்கு எண்ணிக்கை தவறிவிடாமல் இருக்க. காரணம் வேறு, கணக்கு அதே: பத்தால் வகு. 3 ஜிபிபிஎஸ் என்றால் 300, 6 என்றால் 600. அதற்கு முந்தைய அகலமான பட்டைக் கேபிளில், அதுதான் ஐடிஇ, இந்தத் தொந்தரவே இல்லை, 16 பிட் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போகும், அல்ட்ரா டிஎம்ஏ 100 என்றால் 100 எம்பிதான். ஹார்ட் டிஸ்க் அதில் பாதியைத் தந்தால் பெரிது என்பது வேறு கதை.

கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடம் வந்தது அடுத்து. வெளியே வைக்கிற மாடல், சிவப்பு விளக்குகள் வரிசையாக. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் கொஞ்சமாக. பாட் வேறு, பிபிஎஸ் வேறு. மண்டி பாஷையிலேயே சொன்னால் பாட் என்பது வினாடிக்கு எத்தனை நடை, பிபிஎஸ் என்பது எத்தனை மூட்டை, அதாவது எத்தனை பிட். 1962-இல் வந்த பெல் 103 மோடம் நடைக்கு ஒரு மூட்டைதான், அதனால் 300 பாட் என்றாலும் 300 பிபிஎஸ் என்றாலும் ஒன்று. இந்த ஒற்றுமைதான் எல்லாக் குழப்பத்துக்கும் விதை. 2400 பிபிஎஸ் மோடம் நடப்பது 600 நடைதான், நடைக்கு 4 பிட். அதை '2400 பாட் மோடம்' என்று எழுதாத விளம்பரமே அன்று கிடையாது.

வினாடிக்கு 56,000 பிட் என்ற 56கே மோடமின் பிறப்பு இன்னும் அழகு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டலாக மாறிய பிறகு நம் குரலை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, தடவைக்கு 8 பிட்டாக எழுதிக்கொள்கின்றன. 8,000 × 8 = 64,000. ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் போன் லைனின் அந்த 64 கேபிபிஎஸ் (வினாடிக்கு 64 ஆயிரம் பிட்) இங்கிருந்து வந்தது. அந்த 8 பிட்டில் 7-ஐத்தான் நம்பி மோடம் பயன்படுத்த முடியும் என்று வைத்தால் 56,000. ஆக 56-உம் 64-உம் அண்ணன் தம்பி. 56,000-ஐ எட்டால் வகுத்தால் வினாடிக்கு 7,000 பைட், அதுவும் இறக்கத்தில் (டவுன்லோடில்) மட்டும், ஏற்றத்தில் வி.90 என்ற தரத்தில் வந்த 56கே மோடமுக்கு 33.6 தான். இங்கே சாக்கு கழிக்க வேண்டாம், பிழை திருத்தும் மோடம்கள் தொடக்க முடிவு பிட்டுகளை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் போன் லைனில் ஏறும். என் வாழ்நாளில் நான் பார்த்த அதிகபட்சம் வினாடிக்கு நாலரை கேபி. மழை பெய்தால் அதுவும் இல்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல். நான் அதைத் தொட்டது அதற்கு ஐந்து வருடம் கழித்து, மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது. வாசலில் 'ஹைஸ்பீட் 64' என்று போர்டு. வருகிறவர்கள் எல்லோரும் 64 கேபி என்று நினைத்துக்கொள்வார்கள், ஓனர் திருத்த மாட்டார். சின்ன பி, பெரிய பி வித்தியாசத்தில் எட்டு மடங்கு ஒளிந்திருக்கிறது, 64 கேபிபிஎஸ் என்பது வினாடிக்கு 8 கேபி. அதை எட்டு சிஸ்டத்துக்குப் பங்கு போட்டிருந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு ஒரு கேபி. ஒரு அம்மா மகளின் போட்டோவை வெளிநாட்டு வரனுக்கு அனுப்ப வந்தார், ஸ்கேன் பண்ணினது 200 கேபி. மூன்றரை நிமிடம் அந்த நீலக் கோடு ஊர்ந்தது, கடைசியில் லைன் கட்டாகி மறுபடி முதலில் இருந்து. மூன்றாவது தடவை அந்த அம்மா ஸ்க்ரீனைப் பார்த்துக் கும்பிட்டார், நான் சிரிக்கவில்லை. 2004-இல் அரசு பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கேபிபிஎஸ் என்று கொள்கை போட்டபோது, அது வெறும் 32 கேபி என்று தெரிந்தும் நான் சந்தோஷப்பட்டவன்.

இந்த 64,000 சரியாக 64 ஆயிரம், 65,536 இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆயிரமா 1,024-ஆ என்ற சண்டையில் நான் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். கடிகாரத்தில் இருந்து பிறந்த எண் என்றால் 1,000, மெமரி முகவரியில் இருந்தோ செக்டாரில் இருந்தோ பிறந்த எண் என்றால் 1,024. மோடம், ஈதர்நெட், சாட்டா எல்லாம் கடிகாரம். கம்ப்யூட்டருக்குள் கார்டு செருகும் பிசிஐ ஸ்லாட்டின் 133 எம்பி கூட 33.33 மெகாஹெர்ட்ஸ் × 4 பைட், ஆகவே ஆயிரக் கணக்கு. ராம் எவ்வளவு என்றால் 1,024, ராம் எவ்வளவு வேகம் என்றால் 1,000. சிடியின் 150 செக்டாரில் இருந்து வந்தது, 75 × 2, அது 1,024 கட்சி. ஹார்ட் டிஸ்க் கம்பெனிகள் மட்டும் விவரமாக ஆயிரத்தில் எண்ணி விற்றார்கள், 80 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 74.5 என்று காட்டும், கஸ்டமர் நம்மை முறைப்பார். இதைத் தீர்க்க 1998-லேயே 1,024-க்கு கிபி, மெபி என்று தனிப் பெயர் வைத்தாகிவிட்டது. சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் 'நாலு கிபிபைட் குடுங்க' என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில்தான் நான் ஏமாந்த ஒரு கார்டு ரீடரும் பெட்டியில் இருந்தது. அட்டையில் 'யுஎஸ்பி 2.0 ஃபுல் ஸ்பீட்' என்று பளபளவென்று போட்டிருந்தது. ஃபுல் ஸ்பீட் என்றால் முழு வேகம்தானே என்று வாங்கினேன். யுஎஸ்பி பாஷையில் ஃபுல் ஸ்பீட் என்பது பழைய 12 எம்பிபிஎஸ், 480 எம்பிபிஎஸ்ஸுக்குப் பெயர் ஹை ஸ்பீட். விதிப்படி அந்த அட்டையில் பொய்யே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அந்த 12-லும் சாக்கு உண்டு: மில்லிசெகண்டுக்கு 64 பைட் பொட்டலம் அதிகபட்சம் 19 தான் போகும், ஆக வினாடிக்கு 12,16,000 பைட். ஒன்றரை எம்பி என்று கணக்குப் போட்டால் அதுவும் வராது.

கடைசியில் ஃப்ளாப்பி, இதற்காகத்தானே இறக்கினோம். மொத்தம் 34. பழைய பென்டியம் 4 பெட்டியில் டிரைவை மாட்டி முதல் ஃப்ளாப்பியைச் செருகினேன், அந்தக் கடக்-டர்ர் சத்தம் கேட்டதும் பையன் பயந்துவிட்டான். உடைந்துவிட்டதா என்றான். இல்லைடா, அது படிக்கிற சத்தம் என்றேன். போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினான். முழு ஃப்ளாப்பிக்கு 51 வினாடி.

கணக்கைப் பாருங்கள். டிரைவை ஓட்டும் கன்ட்ரோலரின் வேகம் 500 கேபிபிஎஸ், அதாவது வினாடிக்கு 62,500 பைட். தட்டு நிமிடத்துக்கு 300 சுற்று, வினாடிக்கு 5. சுற்றுக்கு 12,500 பைட் இடம், ஆனால் அதில் நமக்கு 18 செக்டார் × 512 = 9,216 தான், மீதி செக்டார்களுக்கு நடுவே விடும் இடைவெளி, தலைப்பு, சரிபார்ப்பு. நாலில் ஒரு பங்குக்கு மேல் சாக்கு! ஆக வினாடிக்கு 46,080 பைட். 80 ட்ராக் (வட்டப் பாதை), இரண்டு பக்கம், 160 சுற்று, 32 வினாடியில் முடிய வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் டிரைவில் படிக்கும் தலை ஒரு ட்ராக்கில் இருந்து அடுத்ததற்கு நகர்ந்து நிலைகொள்ள எடுக்கும் நேரத்துக்குள் முதல் செக்டார் கீழே ஓடிவிடுகிறது, ஒரு செக்டார் கடக்க 11 மில்லிசெகண்ட்தான் ஆகிறது. பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த நடைக்கு நிற்க வேண்டியதுதான், அது 200 மில்லிசெகண்ட் கழித்து வரும். 80 தடவை அப்படி நின்றால் 16 வினாடி, 32-உடன் சேர்த்தால் 48. மோட்டார் கிளம்ப, கடைசியில் மூச்சுவிட என்று மூன்று வினாடி. 51 சரிதான். எனக்கு இந்தப் பொருத்தத்தைப் பார்த்ததில் வந்த சந்தோஷம் அக்காவுக்குப் புரியவில்லை, மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

(அந்த 1.44 எம்பி பற்றி ஒரு வார்த்தை. 14,74,560 பைட். 1,000-ஆல் இருமுறை வகுத்தால் 1.47, 1,024-ஆல் இருமுறை வகுத்தால் 1.41. ஒருமுறை 1,024, ஒருமுறை 1,000 என்று வகுத்தால்தான் 1.44. என் குறுக்குவழி இங்கே கைகட்டி நிற்கிறது.)

34-இல் 31 படித்தது. மறுமுயற்சி, பூஞ்சை துடைப்பு, டிரைவ் மாற்றுவது எல்லாம் சேர்த்துக் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் நாலு மணிக்கு எழுந்தோம். பையன் அதற்குள் தானாகவே பேப்பரில் போட்டுவிட்டான்: 31 × 14,74,560, எட்டால் பெருக்கி, 100 எம்பிபிஎஸ்ஸால் வகுத்து.

"மாமா, எல்லாம் சேர்த்து மூணே முக்கால் செகண்டுகூட இல்ல."

"சாக்கு கழிச்சியா?" என்றேன்.

முழித்தான். நெட்டில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒட்டிக்கொள்ளும் ஈதர்நெட், ஐபி தலைப்புகளைக் கழித்து அடுத்த வாரம் சொல்கிறேன் என்று பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

படிக்காத மூன்றில் ஒன்றின் மேல் அப்பா கையெழுத்தில் 'வரவு செலவு 97-98' என்று இருக்கிறது. 0-வது ட்ராக்கிலேயே நின்றுவிடுகிறது. அதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டிருக்கிறேன், டிரைவின் தலையைத் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வாங்கி வந்துதான் மறுபடி போட வேண்டும்.